தூதுவர்கள் எழுதினால் எங்களுக்கு என்ன?

கிளிநொச்சி

மச்சான் ரவி,

அக்காவின் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே காலபோக வெட்டு முடிந்துவிட்டது. கடைசி மழைக்குக் கொஞ்ச நெல் சாய்ந்தாலும் விளைச்சல் பரவாயில்லை.

தூதுவர்கள் இணையத்தில் எழுதித் தள்ளுகிறார்களே, அதனால் எங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டிருந்தாய். எனக்கு அதில் நம்பிக்கை உண்டு.

கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு அம்மாமார் தொடங்கிய போராட்டம் உனக்குத் தெரியும். அவர்களைப் பார்க்க எத்தனையோ தூதரகக்காரர் வந்துபோய்விட்டார்கள். அம்மாமார் பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு ஆதியோடந்தமாகச் சொல்வார்கள். மொழிபெயர்ப்பவர் இரண்டு வரியில் முடிப்பார். வந்தவர்களில் ஒருவர் கொப்பியில் குறிப்பார். பிறகு வாகனம் ஏ9 வீதியில் ஏறிவிடும். அந்தக் குறிப்பு யாருடைய மேசைக்குப் போகிறது, அதில் என்ன இருக்கிறது என்று சொன்னவளுக்குத் தெரியாது. இந்த இடத்தில்தான் வெளிப்படையாக எழுதுவது எனக்குப் பெரிதாகப் படுகிறது. நாங்கள் சொன்னதில் எதை எடுத்தார், எதை விட்டார் என்று அப்போதாவது பார்க்கலாம்.

2014 ஜனவரியை நினைத்துப் பார். போர்க்குற்ற விவகாரங்களுக்கான அமெரிக்கத் தூதுவர் ஸ்டீபன் ராப் புதுக்குடியிருப்புப் பக்கம் அந்தோனியார் மைதானத்தில் நின்ற படத்தைக் கொழும்புத் தூதரகம் டுவிட்டரில் போட்டது. 2009 ஜனவரியில் இராணுவத்தின் எறிகணை வீச்சில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கொல்லப்பட்ட இடம் என்று கீழே எழுதியிருந்தார்கள். அரசாங்கம் கொதித்தது. ஆனால் அந்தச் செல்லடிக்குள் கிடந்து தப்பிய சனத்துக்கு, தங்கள் கதையை ஒரு நாடு தன் பெயரிலேயே எழுதியது சின்ன விசயமில்லை.

இப்படி எழுதுவதற்கு விலையும் உண்டு. சூடானில் ஐ.நா. பிரதிநிதியாக இருந்த யான் புரொங்க், டார்பூரில் சூடான் இராணுவம் வாங்கிய அடிகளைத் தன் வலைப்பதிவில் எழுதினார். 2006 ஒக்டோபரில் சூடான் அரசாங்கம் அவரை மூன்று நாளுக்குள் நாட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டது. என்றாலும் அடுத்த வருடமே அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் 'டிப்நோட்' என்று சொந்தமாக ஒரு வலைப்பதிவு தொடங்கியது. பிரிட்டனில் டேவிட் மிலிபாண்ட் வெளிவிவகாரச் செயலாளராக இருந்துகொண்டே எழுதினார். 2009 ஏப்ரலில் வவுனியா முகாமுக்கு வந்தாரே, அவரேதான்.

எல்லாம் நல்லது என்று சொல்லமாட்டேன். சந்தித்தோம், கலந்துரையாடினோம் என்று ஒரு படத்தோடு முடிகிற பதிவுகளே அதிகம். கீழே எங்கள் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு மறுமொழி வருவதும் அரிது. பொதுமக்களோடு பேச வந்தவர் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

சரி, உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. இனி வருகிற தூதுக்குழுக்களிடம் கொடுக்க அம்மாமார் ஒரு பக்கத்தில் கோரிக்கை எழுதுகிறார்கள்: போன பிறகு, இங்கே கேட்டதைத் தமிழிலும் வெளியிடுங்கள் என்று. அதை ஆங்கிலத்தில் ஆக்கித் தா. சுருக்காதே, அவர்கள் சொன்னபடியே வரட்டும். வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்.

அன்புடன்,
சிவா