அந்த டியூபைத் தூக்கிப் போடு

கோத்தகிரி,
ஆடி 8

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில், "தொடை இடுக்கில் கொஞ்சம் அரிப்புப்பா, மெடிக்கலில் டியூப் வாங்கிப் போடுறேன், இப்ப பரவாயில்லை" என்று நீ சொன்னபோது அம்மா பக்கத்திலேயே இருந்தாள். அதனால் சரி சரி என்று வைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள். அதனால்தான் கடிதம்.

அந்த டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படி. குளோபெட்டசால் என்றோ பீட்டாமெத்தசோன் என்றோ இருந்தால் இன்றோடு நிறுத்து. அது ஸ்டீராய்டு. நான் பட்டதைத்தான் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கொளுந்து எடுக்க ஆள் கிடைக்காமல் நானே நாள் முழுக்க ஈர பேன்ட்டோடும் கம்பூட்ஸோடும் தோட்டத்தில் நின்றேனே, ஞாபகம் இருக்கிறதா? முதலில் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண். அப்புறம் இடுப்பில் எட்டணா அளவுக்கு ஒரு படர்தாமரை. கடையில் கொடுத்த டியூபைப் போட்டேன். இரண்டே நாளில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. நிறுத்தினேன், நாலாம் நாள் வந்துவிட்டது. மறுபடி போட்டேன். இப்படியே இரண்டு மாதம். எட்டணா வட்டம் அரைஞாண் கயிறு மாதிரி இடுப்பைச் சுற்றிவிட்டது. தோல் மெலிந்து விழுந்த வரி இன்னும் இருக்கிறது, வரும்போது காட்டுகிறேன்.

கடைசியில் குன்னூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். வட்டத்தின் ஓரத்தைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டி, உதிர்ந்த பொடியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார். கொஞ்ச நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். செதில்களுக்கு நடுவே கணுக்கணுவாக, கிளை விட்டு ஓடும் நூல்கள். பூஞ்சை. நம்ம தேயிலையில் கொப்புள நோய் வருகிறதே, அதுவும் பூஞ்சைதான். 1946-இல் தென்னிந்தியத் தோட்டங்களுக்குள் வந்தது, இன்னும் போன பாடில்லை. ஈரம் காயாத இலை கிடைத்தால் போதும் அதற்கு.

தோலுக்கு வருவது வேறு இனம். மேல்தோல், முடி, நகம் இவற்றில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது. உடம்பு அதை எதிர்ப்பதால்தான் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்குமே தவிரப் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, குரைக்கவில்லை, திருடன் போய்விட்டான் என்று இரண்டு மாதம் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

இப்போது நம் நாட்டில் பரவும் ஒரு இனத்துக்கு டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்று 2020-இல் பெயர் வைத்திருக்கிறார்கள். பேரிலேயே இந்தியா, என்ன பெருமை பார்! பல பேருக்கு அது டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மாத்திரைக்கு மசிவதில்லை. எனக்கு டாக்டர் இட்ராகோனசோல் என்ற வேறொரு பூஞ்சை மருந்து கொடுத்தார். சாப்பிட்ட கையோடு போட வேண்டும், கூடவே அசிடிட்டி மாத்திரை கூடாது. அரிப்பு நின்ற பிறகும் அவர் சொன்ன நாள்வரை விழுங்கினேன். அதற்காக நீயாகப் போய் வாங்கிவிடாதே. ஈரலையும் இதயத்தையும் விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். தோல் டாக்டரையே பார், பீஸ் அனுப்பிவிட்டேன்.

அப்புறம், அந்த ரூமில் யார் துண்டை யார் எடுக்கிறீர்கள் என்றே தெரியவில்லை. போன தடவை வந்தபோது பார்த்தேன். உன் துண்டைத் தனியாக வை. இங்கே ஆடியில் துணி காய அடுப்படியில் கொடி கட்ட வேண்டியிருக்கிறது. உனக்குத்தான் மொட்டை மாடி வெயில் இருக்கிறதே, உள்ளாடையை அங்கே போடு, பாத்ரூம் கதவில் போடாதே. அந்த இறுக்கமான ஜீன்ஸையும் கொஞ்ச நாள் மறந்துவிடு.

அம்மா என்ன என்று கேட்டாள். வேர்க்குரு என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் அதையே சொல்.

அப்பா