ஸ்பிரிங்கை விட்டுவிட்டுப் பொம்மையை மட்டும் மீட்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய உருமாறும் ரோபோ பொம்மைகள் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் கடைக்கு வருவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அம்பத்தூரில் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகளை (மோல்டு) செய்யும் பட்டறைகளில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊர் திரும்பியவன் என்ற முறையில், கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றை எழுதுகிறேன்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் 1985-இல் வெளிவந்த டாப்ஸ்பின் என்ற பொம்மையை, சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த என் மாமா வாங்கி வந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையின் சிவப்புச் சிமென்டில் அதை வண்டி வடிவில் வைத்துப் பின்னால் இழுத்து விட்டால், சரசரவென்று சிறிது தூரம் ஓடி, தானாகவே துள்ளிப் புரண்டு ரோபோவாக நிமிர்ந்து நிற்கும். ஸ்பிரிங்கும் பற்சக்கரங்களும் உடம்பை அடைத்துக்கொண்டதால் கை கால்கள் பெரிதாக அசையமாட்டா. தெருப் பிள்ளைகளில் ஒருவர்கூட அதைக் குறையாகச் சொன்னதில்லை.

வித்தைக்காக மூட்டுகளை விட்டுக்கொடுத்த இந்தக் கணக்கு, இன்று புதுப்பிக்கும்போது தலைகீழாகிறது. 1987-இல் வந்த ஹெட்மாஸ்டர்ஸ் பொம்மைகளில் தலையே தனியொரு குட்டி ரோபோவாக இருந்தது. அதைக் கழுத்தில் பொருத்தினால் மார்பிலுள்ள பலகைக்குள் வேகம், வலிமை, அறிவு ஆகியவற்றின் அளவுகள் தெரியும், தலையை மாற்றினால் அளவும் மாறும். 2016-இல் டைட்டன்ஸ் ரிட்டர்ன் என்ற பெயரில் அந்த யோசனை திரும்பி வந்தபோது கழற்றி மாட்டும் தலை வந்தது. மார்பின் அளவுமானி வரவில்லை. முழங்கை, முழங்கால், இடுப்பு எல்லாம் முன்னைவிட நன்றாக மடங்கின.

காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. விலையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் எத்தனை உதிரிப்பாகம் அடங்கும் என்று பார்த்துத்தான் வரைபடமே போடுகிறார்கள். ஒரு மூட்டுக்கு இரண்டு துண்டும் ஓர் இணைப்பு ஊசியும் போதும். இழுத்து விடும் ஸ்பிரிங் பெட்டி தனியாகப் பார்த்தால் மலிவுதான். ஆனால் அது இடத்தைப் பிடிக்கும், கையால் கோக்க வேண்டும், ஒவ்வொன்றையும் ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும், கொக்கி தேய்ந்தால் பொம்மையே பயனற்றுப் போகும். நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயமாகிவிட்டதால், அசையும் பாகங்களைப் பாதுகாப்புச் சோதனைக்கு ஏற்றபடி அமைக்கும் பொறுப்பும் சேர்கிறது. குழந்தைகளின் கண்ணும் விரலும் சம்பந்தப்பட்டது என்பதால் அந்தச் செலவில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது.

அப்படியானால் பணத்துக்கு வழி? மணிக்கட்டையும் இடுப்பையும் அசையாமல் விட்டுவிட்டு அந்தக் காசை ஸ்பிரிங்குக்குக் கொடுக்கலாம். பல லட்சம் விழுங்கும் மோல்டை ஒரே பொம்மையோடு முடிக்காமல் நிறம் மாற்றி ஓட்டலாம். அதே டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையின் ஸ்டார்ஸ்கிரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் பொம்மைகள் மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவைதானே!

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைச் செய்பவர், அடிப்பாகத்தின் வளைவையும் களிமண் பாரத்தையும் சரி பார்த்த பிறகே வண்ணத்துக்குப் போகிறார். எங்கள் ஊரில் தட்டையான அடியோடு, சாய்த்தால் விழுந்து கிடக்கும் அழகான பிளாஸ்டிக் பொம்மையையும் அதே பெயரில் விற்கக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். புதுப்பித்த ரோபோவைக் கையில் எடுக்கும்போதும் அதே வருத்தம்தான்.

இனி இத்தகைய பொம்மைகளைப் பற்றி எழுதும் தங்கள் நிருபர்கள், பழைய பொம்மை செய்த வேலைகளில் எது திரும்பி வந்தது, எது விடுபட்டது என்பதையும் விலையோடு சேர்த்துக் குறிப்பிடும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.