மலையகத்திற்கு ஒரு சட்ட உதவியாளர் கற்கைநெறி வேண்டும்: இரு ஆணைக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,
சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

நுவரெலியா அல்லது பதுளை மாவட்டத்தில், தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கப்படுவதும் தேசிய தொழில் தகைமையின் கீழ் அங்கீகாரம் பெற்றதுமான ஒரு சட்ட உதவியாளர் கற்கைநெறியை ஆரம்பிக்குமாறு கேட்டு இம்மடலை எழுதுகிறேன். சட்ட உதவியாளர் என்று நான் சொல்வது, சட்டத்தரணியாக இல்லாமல், சட்டம் சார்ந்த ஆவண வேலைகளில் மக்களுக்குத் துணைநிற்கப் பயிற்சி பெற்ற ஒருவரை. அட்டனில் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் நீண்டகாலம் எழுதுவினைஞராக வேலை செய்தவள் நான். தோட்டங்களிலிருந்து வருகிறவர்களின் பெரும்பாலான துன்பங்கள் நீதிமன்றத்தை எட்டுவதற்கு முன்பே, வெறும் கடதாசிகளின் நடுவே முற்றிவிடுகின்றன என்பதை அந்த மேசையில் இருந்துதான் அறிந்துகொண்டேன்.

ஊழியர் சேமலாப நிதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதமும் தொழில் வழங்குநரின் பங்காக 12 சதவீதமும் மாதந்தோறும் சேர்கின்றன. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அப்பணத்தைக் கோரலாம். தன் வாழ்நாள் முழுவதும் கொழுந்து பறித்த ஒரு பெண் அதைக் கேட்டுப் போகும்போது, தோட்டத்துப் பதிவேட்டில் வீட்டில் கூப்பிடும் பெயரும், பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயரும், அடையாள அட்டையில் சிங்களத்திலிருந்து திரும்பவும் தமிழுக்கு வந்து உருமாறிய மூன்றாவது பெயரும் இருப்பது தெரியவருகிறது. மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று நிறுவ ஒரு சத்தியக்கடதாசி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், தோட்ட நிர்வாகத்தின் கடிதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். பிறப்பே பதியப்படாதவராக இருந்தால் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ முதலில் அலைய வேண்டும். இவற்றுள் எதற்கும் வழக்காடும் திறமை தேவையில்லை. எந்தக் கடதாசி எந்தக் காரியாலயத்தில், எந்த ஒழுங்கில் கிடைக்கும் என்பதை முறையாகக் கற்ற ஒருவரின் பொறுமையே தேவை.

கடதாசி இல்லாததால் உரிமை போவது, இந்திய வம்சாவளி மலையகத் தமிழரான எங்கள் சமூகத்திற்குப் பழைய காயம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் மூதாதையரை நாடற்றவர்களாக்கிய பின்னர், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள், மணமானவராயின் 7 ஆண்டுகளும் மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இலங்கையில் வசித்ததை ஆவணங்களால் நிரூபிக்க வேண்டியிருந்தது. தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து அறையில் (வரிசை வீட்டில்) வாழ்ந்தவர்களிடம் வீட்டு உறுதியோ வரிப் பற்றுச்சீட்டோ எப்படி இருந்திருக்கும்? அந்தச் சட்டரீதியான அநீதி இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துடன் முடிவுக்கு வந்தது என்று சொல்லலாம். ஆவணமற்ற நிலை அதனோடு முடியவில்லை.

கடதாசிக்கு அப்பால் காலக்கெடுவும் இருக்கிறது. வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி 6 மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தோட்டத் தலைவரிடம் சொல்லி, அவர் துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) பேசி, அடுத்த சம்பளத்திற்குப் பிறகு பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த 6 மாதங்கள் கழிந்துவிடுகின்றன. 5 ஆண்டுகள் சேவை முடித்து விலகியவருக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை 30 நாட்களுக்குள் கிடைக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடப்பவரின் குடும்பத்தார், வேலையின்போது நேர்ந்த விபத்துக்கு நட்டஈடு கோர 1934ஆம் ஆண்டு முதலே ஒரு சட்டம் இருக்கிறது என்பதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். கணவனின் அடிக்கு அஞ்சி வாழும் பெண், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம் என்பதை அவள் காதில் சொல்ல அந்தத் தோட்டத்தில் யாருமில்லை.

இந்த வேலைகளை இன்று எவருமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. தொழிற்சங்கத் தலைவர்மாரும், படித்த இளைஞர்களும், ஆசிரியர்களும், காரியாலயங்களின் வாசலில் மனு எழுதித் தருகிறவர்களும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுள் பலருடைய நல்லெண்ணத்தை நான் நேரில் அறிவேன். ஆனால் அவர்களுக்கு எவரும் பயிற்சி தரவில்லை, தவறு நேர்ந்தால் பொறுப்புக் கூறும் ஏற்பாடும் இல்லை. தன்னால் வாசிக்க முடியாத சிங்களத்தில் எழுதப்பட்ட சத்தியக்கடதாசியில், தகப்பன் பெயரே பிழையாக இருப்பது அறியாமல் கைநாட்டு வைத்துவிட்டு, அதைத் திருத்த இன்னொரு தடவை பணம் கட்டியவர்கள் எங்கள் அலுவலகத்திற்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் முதலில் கொடுத்த பணம் ஒரு வாரக் கைக்காசு.

பிற நாடுகளில் இதற்கென்று வகுத்த வழிகள் உள்ளன. அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளில் இரண்டாண்டுப் படிப்பாக இது கற்பிக்கப்படுகிறது. சட்ட ஆய்வு, ஆவணம் வரைதல், தொழில் ஒழுக்கம் ஆகியவற்றோடு அலுவலகப் பயிற்சியும் பெற்று வெளியேறுகிறவர்கள் சட்டத்தரணியின் மேற்பார்வையில் பணியாற்றுகிறார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் இன்னும் முன்னே சென்று, 2007ஆம் ஆண்டு முதல் சட்டத்தரணிகளை ஒழுங்குபடுத்தும் அதே சங்கத்தின் மூலம் இவர்களுக்கும் உரிமம் வழங்குகிறது. எங்கள் நிலைக்கு எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றுவது சியரா லியோன்தான்: 2012ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டத்திலேயே அந்நாடு சமூகமட்டச் சட்ட உதவியாளர்களுக்கு இடமளித்தது. சட்டத்தரணிகள் தலைநகரில் குவிந்திருக்கும் நாட்டில் கிராமத்து மனிதருக்கு யார் துணை என்ற கேள்வியை அவர்கள் நேராக எதிர்கொண்டார்கள்.

எங்களிடம் அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சட்ட உதவி ஆணைக்குழுவைத் தந்தது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தொழிற்கல்வி ஆணைக்குழுவைத் தந்தது. முன்னதிடம் வழக்குகளும் அனுபவமுள்ள சட்டத்தரணிகளும் இருக்கிறார்கள், பின்னதிடம் தகைமை வழங்கும் அதிகாரம் இருக்கிறது. இவ்விரண்டும் ஒரே மேசையில் அமர்ந்து, தேசிய தொழில் தகைமையின் 4ஆம் மட்டச் சான்றிதழாக ஆரம்பித்து 5ஆம் மட்ட டிப்ளோமா வரை உயரக்கூடிய ஒரு பாடத்திட்டத்தை வரைய வேண்டும் என்பதே என் கோரிக்கையின் சாரம்.

அப்பாடத்திட்டத்தில் இரண்டு விடயங்களில் விட்டுக்கொடுப்பு வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். முதலாவது மொழி. நுவரெலியா, அம்பகமுவ, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருந்தும், பொலிஸ் முறைப்பாடும் நீதிமன்ற ஏடும் நடைமுறையில் சிங்களத்திலேயே எழுதப்படுகின்றன. ஆகவே சிங்களத்தில் எழுதப்பட்ட முறைப்பாட்டை வாசித்துத் தமிழில் விளக்கவும், தமிழில் சொன்னதைப் பிசகாமல் சிங்களத்தில் எழுதவும் முடியாத எவருக்கும் இச்சான்றிதழ் வழங்கப்படலாகாது. இரண்டாவது எல்லை. சட்ட ஆலோசனை கூறுவதும் நீதிமன்றில் தோன்றுவதும் சட்டத்தரணிக்கு உரியவை. எந்த இடத்தில் நிறுத்தி, எவரிடம் அனுப்ப வேண்டும் என்பதை முதல் நாளிலிருந்தே மாணவர் பழக வேண்டும். இரகசியம் காத்தலும் அப்படியே. ஒரே லயத்தில் பத்துக் குடும்பங்கள் வாழும் இடத்தில் ஒரு பெண் நம்பிச் சொன்னது மறுவீட்டுக்குப் போனால், அடுத்த பெண் வாயே திறக்கமாட்டாள்.

சட்டத்தரணிகளுள் சிலர் இதைத் தங்கள் பிழைப்பில் கைவைப்பதாக எண்ணக்கூடும். ஒழுங்காகத் தொகுத்த கோவையோடும் சரியான திகதிகளோடும் ஒரு கட்சிக்காரர் வந்து அமர்ந்தால், சட்டத்தரணியின் பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பதை அலுவலகத்தில் இருந்து கண்டவள் சொல்கிறேன்.

உயர்தரத்தில் கலைப்பிரிவில் சித்தியடைந்தும் பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத எங்கள் பிள்ளைகள், கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்கிறார்கள். சட்டக் கல்லூரி புதுக்கடையில் இருக்கிறது. அங்கே தங்கிப் படிக்கும் செலவைத் தோட்டக் குடும்பம் தாங்காது. கற்கைநெறி மலையகத்திலேயே, வார இறுதி வகுப்புகளும் உதவிப்பணமும் கொண்டதாக அமைந்தால், அவர்களுள் பலர், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், வருவார்கள். படித்தபின் வேலை எங்கே என்ற கேள்விக்கும் இப்போதே பதில் வேண்டும்: சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்களிலும் பிரதேச செயலகங்களிலும் இவர்களுக்கான பதவிகளை உருவாக்காமல் சான்றிதழை மட்டும் கொடுப்பது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும்.

பாடத்திட்டக் குழு அமைக்கப்படும்போது தோட்டத் தொழிலாளர்களுள் ஒரு பெண்ணுக்கும், தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவருக்கும் அதில் இடம் தாருங்கள். முதல் அமர்வை அட்டனிலோ பதுளையிலோ, தோட்டத்தில் பெயர் வெட்டப்பட்டு நாட்சம்பளம் போகாதபடி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடத்துங்கள். உங்கள் தீர்மானத்தை, அது எதுவாயினும், தமிழிலும் பகிரங்கமாக அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
சட்டத்தரணி அலுவலக எழுதுவினைஞர் ஒருவர்,
அட்டன்.