அரசு இணையதளங்களைப் பிறர் துணையின்றிப் பயன்படுத்த வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
பார்வை மாற்றுத்திறனாளி,
பட்டதாரி ஆசிரியர் (சமூக அறிவியல்),
அரசு உயர்நிலைப் பள்ளி,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: அரசுத் துறைகளின் இணையதளங்களையும் செயலிகளையும் மாற்றுத்திறனாளிகள் தாமாகவே பயன்படுத்தும் வகையில் சீரமைக்க ஆணையிட வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். 14 ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் பணிபுரிகிறேன். திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் மென்பொருளின் துணையோடு வினாத்தாள் தயாரிப்பது, மதிப்பெண் பட்டியல் தட்டச்சு செய்வது, மின்னஞ்சல் அனுப்புவது ஆகிய எல்லாவற்றையும் நானே செய்துகொள்கிறேன். அந்த மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பார்வை இல்லாதவர் கணினியை எப்படிக் கையாள்வார் என்ற ஐயம் இம்மனுவைப் படிப்போருக்கு எழக்கூடும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னால் முடியாதது கணினியைக் கையாள்வது அன்று. என்னைப் போன்றவரை நினைத்துப் பார்க்காமல் கட்டப்பட்ட இணையதளத்தைக் கையாள்வதே.

என் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குத் தேவைப்பட்ட ஒரு சான்றிதழுக்காக, ஒரு துறையின் இணையதளத்தில் ஒருநாள் இரவு விண்ணப்பிக்க அமர்ந்தேன். அடுத்தடுத்த கட்டத்துக்கு நகர்த்தும் டேப் விசையை அழுத்த அழுத்த, மென்பொருள் 'பொத்தான், பொத்தான், பொத்தான்' என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனது. எது 'சேமி', எது 'நீக்கு' என்பது தெரியவில்லை. பெயர் எழுத வேண்டிய கட்டமும் தந்தை பெயர் எழுத வேண்டிய கட்டமும் ஒன்றுபோலவே 'காலிப் பெட்டி' என்று ஒலித்தன. பிறந்த தேதியைத் தட்டச்சு செய்ய இடமில்லை; நாட்காட்டிப் படத்தில் சுட்டியால் சொடுக்க வேண்டும் என்பதைப் பக்கத்து அறையிலிருந்து வந்த மகள் சொல்லித்தான் அறிந்தேன். எல்லாம் முடிந்து இறுதிக்கு வந்தபோது, விண்ணப்பிப்பவர் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா நின்றது. படத்தில் உள்ள எழுத்துகளை உள்ளிடச் சொன்னார்கள். ஒலி வடிவில் கேட்க வழியே இல்லை. மகளை மீண்டும் அழைத்து அதை உள்ளிடுவதற்குள் நேரம் கடந்துவிட்டது என்று பக்கம் மூடிக்கொண்டது. நிரப்பியவை அனைத்தும் போயின.

மறுநாள் கடைத்தெருவிலுள்ள கணினி மையத்துக்குப் போனேன். அங்கிருந்த தம்பி நல்லவர். பொறுமையாக நிரப்பித் தந்தார். ஆனால் என் கடவுச்சொல்லையும், கைப்பேசிக்கு வந்த ஓடிபி எண்ணையும், ஆண்டு வருமானத்தையும், வங்கிக் கணக்கு எண்ணையும் வரிசையில் நின்ற நான்கைந்து பேர் காதில் விழும்படி நான் சொல்ல வேண்டியிருந்தது. ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள் என்று ஒவ்வொரு குறுஞ்செய்தியும் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை மீறாமல் என்னால் ஒரு விண்ணப்பத்தைக்கூட முடிக்க இயலவில்லை. யாரையாவது உடன் அழைத்துக்கொள்ளலாமே என்பார்கள். அன்பான துணை எனக்கு நிறையவே உண்டு. ஆயினும், என் கையெழுத்துக்கு நிகரான ஓர் எண்ணைப் பிறரிடம் ஒப்படைக்கும் நிலைக்கு அரசின் இணையதளம் ஒரு குடிமகனைத் தள்ளக் கூடாது என்பதே என் முறையீடு.

இக்குறைகளில் பெரும்பாலானவை பெருஞ்செலவில் தீர்க்க வேண்டியவை அல்ல. ஒரு கட்டத்துக்குரிய பெயரை நிரலில் அக்கட்டத்தோடு இணைப்பதும், படத்தில் இருப்பதைச் சொல்லும் மாற்று உரை எழுதுவதும், தேதியைத் தட்டச்சு செய்ய அனுமதிப்பதும், கட்டும்போதே செய்தால் சில வரி வேலைதான். கட்டி முடித்த பின் திருத்தப் புகும்போதுதான் செலவு கூடுகிறது. பயன் எங்களுக்கு மட்டும் உரியதும் அன்று. தசைச்சிதைவு நோயால் சுட்டியைப் பிடிக்க முடியாமல் விசைப்பலகையை மட்டும் நம்பியிருக்கும் என் நண்பர், சுட்டியை மேலே கொண்டுசென்றால் மட்டுமே விரியும் பட்டியல்களின் முன் நின்றுவிடுகிறார். செவித்திறன் குறைந்தோருக்கு வசன வரியற்ற விளக்கக் காணொளி பயன்படுவதில்லை. சிவப்பு நிறத்தால் மட்டும் குறிக்கப்பட்ட கட்டாயக் கட்டம் நிறப்பார்வைக் குறைபாடு உடையோருக்குப் புலப்படுவதில்லை.

தமிழ் ஆவணங்களின் நிலை தனியே சொல்லப்பட வேண்டியது. சுற்றறிக்கைகளும் அரசாணைகளும் கணினியில்தான் தட்டச்சு செய்யப்படுகின்றன. பின்னர் அச்சிட்டு, கையொப்பமிட்டு, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக ஏற்றுகிறார்கள். அந்த நொடியில் எழுத்தெல்லாம் வெறும் படமாகிவிடுகிறது. என் பணியிட மாறுதல் கலந்தாய்வு பற்றிய சுற்றறிக்கையைத் திறந்தபோது, மூன்று பக்கங்களுக்கும் மென்பொருள் சொன்னது 'வெற்று ஆவணம்' என்பதே. படத்திலிருந்து எழுத்தை மீட்கும் மென்பொருள்கள் இருந்தாலும், முத்திரையும் கோடும் குறுக்கிடும் தமிழ்ப் பக்கங்களில் தேதியையும் எண்ணையும் அவை பிழையாகப் படித்துவிடுமோ என்ற அச்சம் நீங்குவதில்லை. கடைசி நாள் 3-ஆ 8-ஆ என்பதில் பிழை நேர்ந்தால் இழப்பு எங்களுக்கே. ஸ்கேன் செய்யப்படாத பழைய கோப்புகள் சிலவற்றிலோ வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள் உள்ளன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது மென்பொருளின் காதுக்கு ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குழப்பமாகவே சென்று சேர்கிறது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான ஒருங்குறியை (யுனிகோடு) 2010-இலேயே தரமாக ஏற்ற மாநிலம் நம்முடையது. அந்த முடிவை ஒவ்வோர் அலுவலக மேசை வரையிலும் கொண்டுசேர்க்கும் பணி மட்டுமே எஞ்சியுள்ளது.

சட்டம் எங்கள் பக்கம் உள்ளது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 42-ஆம் பிரிவு மின்னணு உள்ளடக்கங்கள் அனைத்தும் அணுகத்தக்க வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. 46-ஆம் பிரிவு, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் சேவைகள் அவ்விதிகளுக்கேற்ப அமைய வேண்டும் என்று காலவரையும் வைத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. அக்கெடு 2019-லேயே முடிந்துவிட்டது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் வெளிவந்து, 2023-இல் மூன்றாம் பதிப்பையும் கண்டன. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருத்தல் ஆகாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்றது. பிரக்யா பிரசூன் வழக்கில், கேமரா முன் கண் சிமிட்டி அடையாளத்தை மெய்ப்பிக்க இயலாத ஆசிட் வீச்சுக்கு உள்ளானோரும் பார்வையற்றோரும் முறையிட்டதன்மேல், 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21-ஆம் கூறு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர்.

ஒரு தவறான புரிதலையும் பணிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். பக்கத்தின் மேல்மூலையில் எழுத்தைப் பெரிதாக்கவும் நிறத்தை மாற்றவும் சில பொத்தான்களை வைத்துவிட்டால் இணையதளம் அணுகத்தக்கதாகிவிட்டது என்று பல இடங்களில் கருதப்படுகிறது. அவை சிலருக்கு உதவலாம். ஆனால் படிவத்தின் கட்டங்களுக்குப் பெயர் இல்லாதபோது அப்பொத்தான்களால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. படிக்கட்டின் உச்சியில் சக்கர நாற்காலியை நிறுத்தி வைப்பது போன்றது அது.

எனவே, இனி வெளியிடப்படும் ஒவ்வொரு இணையதள, செயலி ஒப்பந்தப்புள்ளியிலும் அணுகல் தரத்தை நிபந்தனையாகச் சேர்க்கவும், பார்வையற்றோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகள் முழுப் படிவத்தையும் தாமே நிரப்பிச் சோதித்து ஒப்புதல் அளித்த பின்னரே ஒப்பந்ததாரருக்கு இறுதித் தொகை வழங்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு நிபந்தனையையே நான் பெரிதும் நம்புகிறேன். சோதித்துப் பாராத தரம் தாளிலேயே நின்றுவிடும். தற்போது இயங்கும் தளங்களில் படக் கேப்ட்சாவுக்கு ஒலி வடிவ மாற்று உடனடியாகத் தரப்பட வேண்டும். சுற்றறிக்கைகளும் ஆணைகளும் மின்கையொப்பத்துடன் ஒருங்குறி உரையாகவோ, ஸ்கேன் படியோடு மூல உரைக்கோப்பையும் சேர்த்தோ வெளியிடப்பட வேண்டும். துறைதோறும் இதற்கெனப் பொறுப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, அவருடைய தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் படமாக அல்லாமல் உரையாக முகப்புப் பக்கத்தில் இடம்பெறச் செய்யவும் கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் அழைத்தால், மேற்கண்ட குறைகளை நேரில் காட்ட என் மடிக்கணினியுடன் எந்த நாளிலும் தலைமைச் செயலகம் வரத் தயாராக உள்ளேன். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையைக் கடிதப் படமாக அன்றி, உரை வடிவ மின்னஞ்சலாக எனக்குத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)