மின்மாற்றிக்கு விலை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியருக்கு,

எங்கள் தொடர்மாடிக்குப் புதிய ட்ரான்ஸ்போமர் வாங்க விலைமனு கோரினோம். எண்ணெயில் குளிரும் வகை மலிவு, எண்ணெய் இல்லாமல் சுருள்களை ரெசின் பிசினில் வார்த்த உலர் வகை விலை கூட. குழுவில் பலர் மலிவானதற்கே கை தூக்கினார்கள். ஆனால் அது வரப்போவது கீழ்த்தளத்தில், வாகனத் தரிப்பிடத்தை ஒட்டி! எண்ணெய் கசிந்தால் பிடிக்கத் தொட்டி, தீத்தடுப்புச் சுவர் எல்லாம் தனிச்செலவு.

சுமையில்லா இழப்பை ஒருவரும் கேட்பதில்லை. ஒரு வீட்டிலும் விளக்கு எரியாவிட்டாலும் இரும்பு உள்ளகம் மின்சாரம் தின்றுகொண்டே இருக்கும். 1 கிலோவாட் இழப்பென்றால் வருடத்துக்கு 8,760 அலகு. மானி உயர் அழுத்தப் பக்கம், அதாவது மின்மாற்றிக்கு முன்னால், இருந்தால் அந்தக் காசு நம் பட்டியலில்தான் விழும். உலர் வகையில் இந்த இழப்பு பெரும்பாலும் கூடுதல், அதையும் சொல்லத்தான் வேண்டும். இழப்பை வாட் கணக்கில் எழுதாத விலைமனுவை முகாமைக் குழுக்கள் தயவுசெய்து திருப்பி அனுப்ப வேண்டும்.

குடியிருப்பாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6