சோகையை எரிக்காமலிருக்க ஆலைகள் செய்ய வேண்டியது: ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுச் சர்க்கரை ஆலைகளின் கரும்பு அபிவிருத்தி அலுவலர்களுக்கு,

வணக்கம். அரவைப் பருவம் தொடங்கியதும், வெட்டு முடிந்த வயல்களில், கரும்பின் காய்ந்த இலையான சோகைக்குத் தீ வைப்பதும் தொடங்கிவிடுகிறது. எரிக்காதீர்கள் என்று நீங்கள் சொல்வதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் உடனே கட்டை சீவி, அதிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்புப் பயிருக்குத் தண்ணீர் கட்டியாக வேண்டியவர், ஏக்கருக்கு ஏறக்குறைய 4 டன் சோகையை என்ன செய்வது என்ற கேள்விக்கு, ‘நுண்ணுயிர்க் கலவை தெளிக்கவும்’ என்ற ஒற்றை வரி விடையாகாது.

சோகையில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்கை ஒட்டிக் கரிமம் இருக்கிறது; மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கோ முப்பதுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால்தான் வேலை ஓடும். வெறும் சோகைமேல் தெளித்த கலவை தழைச்சத்து இல்லாமல் தேங்கிவிடும், அல்லது மண்ணில் இருப்பதை இழுத்துக்கொண்டு மறுதாம்பை வெளிறச் செய்யும். அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், ஒரு டன் பயிர்க்கழிவுக்கு 2 கிலோ நுண்ணுயிர்க் கலவையோடு 50 கிலோ சாணத்தையும் சேர்த்து, நான்கடி உயரத்துக்குக் குவித்து, ஈரம் காத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டச் சொல்கிறது. ஈரத்தை அறியக் கருவி வேண்டாம். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. கிளறும்போது உள்ளே சாம்பல் பூத்தாற்போல் வெள்ளைப் பொடி படிந்திருந்தால், குவியல் சூடேறிக் காய்கிறது என்று பொருள். அப்போது ஊற்ற வேண்டியது தண்ணீர்தான், இன்னொரு பாட்டில் கலவை அல்ல.

இவை உங்களுக்குத் தெரியாதவை அல்ல. கரும்புச் சாற்றை வடிகட்டும்போது மிஞ்சும் கசடான பிரஸ்மட்டை வரிசையாகக் குவித்து, நுண்ணுயிர் சேர்த்து, இயந்திரத்தால் புரட்டி உரமாக்கும் ஆலைகள் உங்களில் இருக்கின்றன. கரும்பைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவுக்கு, டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவியின் அட்டை தயாரிக்கும் ஆய்வகங்களும் இருக்கின்றன. ஒட்டுண்ணியை உயிரோடு வயலுக்குக் கொண்டுவரத் தெரிந்த உங்களுக்கு, மக்கவைக்கும் பூஞ்சையான டிரைக்கோடெர்மாவையும் தயாரிப்புத் தேதியோடு, வெயில் படாமல், கெடு முடியுமுன் கோட்ட அலுவலகத்துக்கு அனுப்புவது பெரிய காரியமல்ல. (தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின், குப்பைக்குழியில் நெளியும் புழுக்களுக்கான மெட்டாரைசியம் பூஞ்சையும் கூடவே வந்தால், வரப்பில் தென்னை வைத்திருப்பவர்கள் மகிழ்வார்கள்.)

இத்தனை சோகையையும் வாரிச் சுமந்து குவியல் போட இன்று ஆள் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குவியல் முறை தொழுவத்துச் சாணத்துக்கும் கொட்டகையைச் சுற்றிச் சேரும் கழிவுக்கும் ஏற்றது. சோகையை வயலிலேயே தூளாக்கிச் சாலில் தள்ளி, சாணக்கரைசலும் கலவையும் சிறிதளவு யூரியாவும் சேர்த்துப் பாசன ஈரத்தில் மக்கவிடுவதே நடக்கக்கூடிய வழி. நீளச் சோகையில் பூஞ்சை பற்ற மாதக்கணக்காகும் என்பதால், நுண்ணுயிரைவிட முதலில் வேண்டியது தூளாக்கும் கருவி. தனியொருவர் அதை வாங்க முடியாது.

எனவே எங்கள் கோரிக்கை இது: வெட்டு உத்தரவு கொடுக்கும்போதே, வெட்டு முடிந்த வாரத்துக்குள் தூளாக்கும் கருவி வரும் நாளையும் குறித்துக் கொடுங்கள். கரும்பு இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் டிராக்டர்களில், கேட்பவர்களுக்கு மக்கிய பிரஸ்மட்டை ஏற்றி அனுப்புங்கள். கருவி வாடகையை, விதைக்கரணைக்கும் உரத்துக்கும் பிடிப்பதுபோலவே, கரும்புப் பணத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி