செத்த வீட்டுச் செய்தி எழுதுற தம்பிமாருக்கு ஒரு மடல்

மட்டக்களப்பு, அம்பாறை பக்கம் மரண அறிவித்தலும் விபத்துச் செய்தியும் எழுதுற தம்பிமார், தங்கச்சிமாருக்கு, கல்லடியில இருந்து ஒரு அக்கா எழுதுறன், கோவிக்க வேணாம்.

போன கிழமை மூத்தம்மா சாய்மனைக் கதிரையில சாய்ஞ்சிருக்க நான் போனப் பார்த்து செய்தி வாசிச்சுக் காட்டிட்டு இருந்தன். ஆரோ பெரிய ஆள் செத்ததுக்கு ஒரு அமைச்சர் "ஆழ்ந்த வருத்தம்" எண்டு போட்டிருந்திச்சு. மூத்தம்மா உடனே, "அவருக்கு என்ன வருத்தமாம் புள்ள, சீனியா பிறஷரா, எந்த ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க?" எண்டு கேட்டா. நான் சிரிச்சிட்டன், மறுகா யோசிச்சுப் பார்த்தா பிழை அவவில இல்ல. எங்கட வாயில வருத்தம் எண்டா நோய்தானே. வருத்தக்காரரப் பார்க்கப் போறம் எண்டா ஹோர்லிக்ஸ் போத்தலோட வார்ட்டுக்குப் போறம் எண்டுதான் அர்த்தம். இந்தியாவில வருத்தம் எண்டா மனசு நோகிறது, அது அவங்கட பேச்சு, அதுல குறை ஒண்டும் இல்ல.

நாங்க சொல்றது கவலை. செத்த வீட்டு முத்தத்துல கையப் பிடிச்சிக்கொண்டு "கேள்விப்பட்ட நேரம் துவக்கம் ஒரே கவலையா கிடக்கு" எண்டு சொல்லுவம், அவ்வளவுதான். இது சென்னைக்காரருக்கு விளங்காது. அங்க இருக்கிற சிநேகிதிக்கு "அப்பா தவறினது பெரிய கவலை" எண்டு அனுப்ப, "நீ ஏன் கவலப்படுற, செலவெல்லாம் அண்ணன் பாத்துக்கிட்டார்" எண்டு பதில் வந்திச்சு!

நீங்களோ கவலையையும் விட்டுட்டு சோகத்தப் பிடிச்சிட்டீங்க. மோட்டார் சைக்கிள் மாட்டுல மோதினாலும் "மட்டக்களப்பை உலுக்கிய சோகம்", கிரிக்கெட்ல தோத்தாலும் சோகம். வீட்டுல ஆரும் சோகமா கிடக்கு எண்டு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? எங்களுக்கு அது சினிமாப் பாட்டுக்குத்தான்.

தொல்காப்பியத்துல அழுகை நாலு காரணத்தால வரும் எண்டு இருக்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதுல இழவு எண்டது மரியாதையான சொல், பறிகொடுக்கிறது. இண்டைக்கு கரண்ட் போனாலும் "இழவு" எண்டுதான் ஏசுறம், பாவிச்சுப் பாவிச்சு அது ஏச்சாப் போயிட்டு. சோகத்தையும் துயரத்தையும் நீங்க இப்ப அந்த வழியிலதான் கூட்டிட்டுப் போறீங்க.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூட முகாம்ல நாவலடிப் பக்கத்து ஒரு அக்கா இருந்தா. பதிய வந்த ஆள் அவட பேரக் கேட்க, அவ தன்ர பேரச் சொல்லல்ல, மூண்டு புள்ளைகள்ற பேரையும் வயசையும் சொல்லிட்டே இருந்தா, அவர் பேனையப் பிடிச்சபடி பேசாம நிண்டார். பக்கத்துல இருந்த ஒரு கிழவி "வயிறு பத்துதே" எண்டா. அங்க கவலை எண்ட சொல்லுக்கூடப் போதாது. இண்டைக்கு அப்பிடி ஒண்டு வந்தா என்னத்த எழுதுவீங்க? சோகம், துயரம் எண்ட சொல்லுகளத்தான் பாவிச்சு முடிச்சிட்டீங்களே.

காத்தான்குடி முஸ்லிம் ஆக்களப் பாருங்க, சாவுக்கு மௌத்து எண்டு ஒரு சொல்லு, ஆர், எப்ப ஜனாஸா அடக்கம், சனம் அந்த வீட்டுக்குப் போயிடும். நீங்களும் ஆர் செத்தது, எந்த ஊர், எத்தின மணிக்கு எடுக்கிறாங்க எண்டத முதல்ல போடுங்க. மனசுல உள்ளதச் சொல்லோணும் எண்டா "கவலையா கிடக்கு" எண்டு எழுதுங்க, ஒருத்தரும் குறைவா நினைக்கமாட்டாங்க.

நேத்தும் மூத்தம்மா கேட்டா, அந்த அமைச்சருக்கு வருத்தம் சுகமாயிட்டாமா எண்டு. ஓம் எண்டு சொல்லிட்டன்.